எஸ்.டி.எஸ். கரைசலில் டிரைட்டன் சேர்த்தால் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

உயிர்வேதியியல் ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சைமோகிராபி செய்யும்போது, எஸ்.டி.எஸ். உள்ள ஜெல்லை 2.5 சதவீத டிரைட்டன் எக்ஸ்-100 கரைசலில் கழுவுகிறோம். அதன்பிறகு நொதி மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. டிரைட்டன் எஸ்.டி.எஸ்.ஸை நீக்கிவிடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மின்னேற்றமே இல்லாத ஒரு பொருள், எதிர்மின்னேற்றம் உள்ள இன்னொரு பொருளை எப்படி இழுக்க முடியும்? இரண்டும் வினைபுரிகின்றனவா?" சைமோகிராபி என்பது ஜெல்லில் பிரித்த நொதியின் செயலை அந்த ஜெல்லிலேயே பார்க்கும் முறை. எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசில் சல்பேட்) அயனி வகை சர்பாக்டன்ட், டிரைட்டன் அயனியற்ற வகை. சர்பாக்டன்ட் என்றால் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட, சோப்பு போன்ற பொருள். நொதியைப் பற்றிய கேள்வியாக இது தோன்றினாலும், அயனி வகை சர்பாக்டன்ட்டும் அயனியற்ற சர்பாக்டன்ட்டும் ஒரே தண்ணீரில் இருக்கும்போது ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. பருத்தித் துணி பதனிடும் ஆலைகளுக்குக் கழுவு கலவைகள் உருவாக்கும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். நொதிகள் என் துறை அல்ல. சர்பாக்டன்ட் பகுதியை மட்டும் உறுதியோடு பேச முடியும்.

முதலில் நேரடிப் பதில். வினை எதுவும் நடப்பதில்லை. புதிய வேதிப்பிணைப்பு உருவாவதில்லை. கலந்த பின்னும் எஸ்.டி.எஸ். எஸ்.டி.எஸ்.ஸாகவே இருக்கிறது, டிரைட்டன் டிரைட்டனாகவே இருக்கிறது. டிரைட்டன் எஸ்.டி.எஸ்.ஸை இழுக்கிறது என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. எஸ்.டி.எஸ். மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அந்த விலக்கத்தைக் குறைத்துக்கொள்ள டிரைட்டன் அவற்றுக்கு ஓர் இடம் தருகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே வந்துவிடும்.

எஸ்.டி.எஸ்.ஸைத் தனியாக எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு கார்பன் கொண்ட வால், நுனியில் எதிர்மின்னேற்றம் உள்ள சல்பேட் தலை, துணைக்கு ஒரு சோடியம் அயனி. 25 டிகிரி செல்சியஸில் தூய தண்ணீரில் அதன் செறிவு ஏறத்தாழ 8.2 மில்லிமோலாரைத் தாண்டும்போது மைசெல்கள், அதாவது வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயும் இருக்கும் சிறு திரள்கள், உருவாகத் தொடங்குகின்றன. இதைத்தான் மாறுநிலை மைசெல் செறிவு, சுருக்கமாக சி.எம்.சி. என்கிறோம். ஒரு மைசெல்லில் சுமார் 60 மூலக்கூறுகள் இருக்கும். வால்கள் தண்ணீரிலிருந்து ஒதுங்கி உள்ளே சேர்வதில் ஆதாயம் பெரியது. ஆனால் அதற்காக 60 எதிர்மின்னேற்றத் தலைகளை ஒரு சின்னஞ்சிறு கோளத்தின் மேற்பரப்பில் நெருக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடியைச் சமாளிக்க, கரைசலில் சுதந்திரமாகத் திரிந்த சோடியம் அயனிகளில் பாதிக்கு மேல், அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மைசெல்லின் மேற்பரப்பை ஒட்டியே நிற்க நேர்கிறது. சுதந்திரத்தை இழப்பது என்ட்ரோபியில் (துகள்கள் சிதறித் திரியும் சுதந்திரத்தின் அளவில்) நட்டம். எஸ்.டி.எஸ்.ஸின் சி.எம்.சி. இவ்வளவு உயரத்தில் இருப்பதற்கு இந்த நட்டமே முக்கியக் காரணம். சாதாரண உப்பை 0.1 மோலார் அளவுக்குச் சேர்த்துப் பாருங்கள்: சி.எம்.சி. 1.5 மில்லிமோலார் அருகே இறங்கிவிடும். வால் மாறவில்லை, தலைகளுக்கு இடையிலான விலக்கம் மட்டும் மறைக்கப்பட்டது.

டிரைட்டன் எக்ஸ்-100இன் வாலில் எட்டு கார்பன் கொண்ட கிளைத்த சங்கிலியும் ஒரு பென்சீன் வளையமும் உண்டு. தலை என்பது ஒன்பது பத்து எத்திலீன் ஆக்சைடு அலகுகள் கோத்த நீளமான, நீரை விரும்பும் சங்கிலி. மின்னேற்றம் கிடையாது. அதன் சி.எம்.சி. ஏறத்தாழ 0.23 மில்லிமோலார். எஸ்.டி.எஸ்.ஸின் அளவில் இது முப்பத்தைந்தில் ஒரு பங்கு.

இனி இரண்டையும் கலப்போம். கலவையில் பத்துக்கு ஒன்பது மூலக்கூறு எஸ்.டி.எஸ்., ஒன்று மட்டும் டிரைட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே எந்தச் சிறப்பு உறவும் இல்லை, நல்லியல்புக் கலவையாகவே நடந்துகொள்கின்றன என்றால், 1975இல் கிளின்ட் தந்த எளிய சமன்பாடு போதும். ஒவ்வொன்றின் பங்கையும் அதனதன் சி.எம்.சி.யால் வகுத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைத் தலைகீழாக்கினால் கலவையின் சி.எம்.சி. கிடைக்கும். இந்தக் கலவைக்கு விடை 1.84 மில்லிமோலார். அதைவிடச் சுவையான விஷயம் மைசெல்லுக்குள் இருக்கிறது. கலவையில் பத்தில் ஒன்றாக இருந்த டிரைட்டன், முதலில் உருவாகும் மைசெல்களில் 80 சதவீதம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கரைசலில் ஊற்றிய விகிதமும் மைசெல்லில் இருக்கும் விகிதமும் ஒன்றல்ல. வெறும் நல்லியல்புக் கணக்கிலேயே இவ்வளவு வேறுபாடு. கலவைகளைப் பற்றிப் பேசும்போது பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

ஆய்வகத்தில் அளந்தால் சி.எம்.சி. இந்தக் கணக்கைவிடக் கீழே வரும். அந்த விலகலை ஒரே எண்ணில் அடக்க 1979இல் ருபிங் ஒரு வழி சொன்னார். ஒழுங்குக் கரைசல் கொள்கையை மைசெல்லுக்குப் பொருத்தி, பீட்டா என்ற அளவை வைத்தார். பூஜ்யம் என்றால் நல்லியல்புக் கலவை. எதிர்க்குறி என்றால், கலந்திருப்பதைத் தனித்தனியாக இருப்பதைவிட மூலக்கூறுகள் விரும்புகின்றன என்று பொருள். சல்பேட் வகையும் எத்திலீன் ஆக்சைடு வகையும் சேர்ந்த கலவைகளுக்கு, உப்பில்லாத தண்ணீரில், இது பெரும்பாலும் -2 முதல் -4 வரை வரும். -3 என்று எடுத்துக்கொண்டு மேலே சொன்ன கலவைக்கு மறுபடி கணக்குப் போட்டால் சி.எம்.சி. 1.84இலிருந்து சுமார் 1 மில்லிமோலாருக்கு இறங்குகிறது. மைசெல்லில் எஸ்.டி.எஸ்.ஸின் பங்கு 20 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக ஏறுகிறது. அதாவது, தனியாக இருந்தால் 8.2 வரை மைசெல்லுக்குள் போக மறுத்த எஸ்.டி.எஸ்., டிரைட்டன் இருக்கும் மைசெல்லுக்குள் விரும்பிப் போகிறது. பந்தியில் பகையாளிகளை அடுத்தடுத்த இலையில் உட்கார வைக்காமல் நடுவே பொதுவான ஆட்களை உட்கார வைப்பது போன்ற ஏற்பாடு இது. தலைகள் விலகி நிற்கின்றன. மேற்பரப்பின் மின்னேற்ற அடர்த்தி குறைகிறது. சிறைப்பட்டிருந்த சோடியம் அயனிகள் மறுபடி கரைசலுக்குள் போகின்றன.

உங்கள் ஜெல்லுக்கு இப்போது வரலாம். புரதத்தோடு எஸ்.டி.எஸ். ஒட்டுவதைத் தீர்மானிப்பது கரைசலில் மொத்தம் எவ்வளவு எஸ்.டி.எஸ். இருக்கிறது என்பதல்ல, மைசெல்லில் சேராமல் தனி மூலக்கூறாகத் திரிவது எவ்வளவு என்பதே. 1970இல் ரெனால்ட்ஸும் டான்ஃபோர்டும் இதைக் காட்டினார்கள். தனி மூலக்கூறுகளின் செறிவு 0.8 மில்லிமோலாருக்கு மேல் இருக்கும்போது ஒரு கிராம் புரதம் 1.4 கிராம் எஸ்.டி.எஸ்.ஸைக் கட்டிக்கொள்கிறது, 0.5க்கு மேலே, 0.8க்குக் கீழே, 0.4 கிராம். ஜெல்லில் உள்ள 0.1 சதவீத எஸ்.டி.எஸ். என்பது ஏறத்தாழ 3.5 மில்லிமோலார். தூய தண்ணீரில் இது முழுவதும் தனி மூலக்கூறுகளாகவே இருக்கும். 2.5 சதவீத டிரைட்டன் என்பது சுமார் 40 மில்லிமோலார். இரண்டும் ஒரே கன அளவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், மைசெல்களில் எஸ்.டி.எஸ்.ஸின் பங்கு 8 சதவீதம்தான். நல்லியல்புக் கணக்கின்படி தனியாகத் திரியும் எஸ்.டி.எஸ். சுமார் 0.66 மில்லிமோலார். அது போதாது, அந்தச் செறிவில் புரதம் இன்னும் ஓரளவு எஸ்.டி.எஸ்.ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும். பீட்டா -3 என்று வைத்தால் அதே எண் 0.05 மில்லிமோலாராகச் சரிந்துவிடுகிறது. புரதத்தின் மேல் ஒட்டியிருந்த எஸ்.டி.எஸ். கழன்று வருவதற்கு இது தாராளமாகப் போதும். இந்தக் கணக்கில் தூய தண்ணீரின் எண்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். உங்கள் பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்புக் கரைசலில்) எண்கள் நகரும். ஆனால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கதை இதுதான். டிரைட்டன் எஸ்.டி.எஸ்.ஸை அழிக்கவில்லை, புரதத்தைவிட வசதியான இருப்பிடத்தைக் காட்டியது. ஜெல்லைச் சுற்றியுள்ள திரவம் ஜெல்லைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், வெளியே வந்தது திரும்பப் போவதும் இல்லை.

இதை 'வலுவான இடைவினை' என்று எழுதும் புத்தகங்கள் உண்டு. அந்தச் சொல்லை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. பீட்டா -3 என்றால், சரிபாதிக் கலவையில் ஒரு மோலுக்குக் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் 2 கிலோஜூலுக்கும் குறைவு. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றின் வலிமை சுமார் 20 கிலோஜூல். எதிர்மின் சர்பாக்டன்ட்டையும் நேர்மின் சர்பாக்டன்ட்டையும் கலந்தால் பீட்டா -10, -20 என்று போகும். பல விகிதங்களில் வீழ்படிவே வந்துவிடும். அங்கேதான் உண்மையான ஈர்ப்பு இருக்கிறது. இங்கே இருப்பது விலக்கத்தின் குறைவு.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல் 'சினர்ஜி'. கலவையின் சி.எம்.சி. நல்லியல்புக் கணக்கைவிடக் குறைந்தாலே சினர்ஜி என்று எழுதிவிடுகிறார்கள். கண்டிப்பான பொருளில், கலவையின் சி.எம்.சி. இரண்டு பொருட்களின் சி.எம்.சி.யையும்விடக் கீழே போனால்தான் அது சினர்ஜி. அதற்குப் பீட்டா எதிர்க்குறியாக இருந்தால் மட்டும் போதாது. அதன் அளவு, இரண்டு சி.எம்.சி.களின் விகிதத்தினுடைய இயல் மடக்கையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எஸ்.டி.எஸ்., டிரைட்டன் இணைக்கு அந்த மடக்கை 3.57. பீட்டா -3 என்றால் எந்த விகிதத்தில் கலந்தாலும் டிரைட்டனின் 0.23க்குக் கீழே போக முடியாது. தொழிலில் இது பணக் கணக்கு: சி.எம்.சி.யை மட்டும் குறைக்க வேண்டுமானால் எஸ்.டி.எஸ். சேர்ப்பதால் லாபம் இல்லை. எஸ்.டி.எஸ். சேர்ப்பது வேறு காரணங்களுக்காக.

எது உறுதி, எது இன்னும் விவாதம் என்று பிரித்துவிடுகிறேன். கலப்பு மைசெல் உருவாகிறது, தனி எஸ்.டி.எஸ். குறைகிறது, சோடியம் அயனிகள் விடுபடுகின்றன: இவை மூன்றும் பலவித அளவீடுகளால் நிலைநிறுத்தப்பட்டவை. மின்விலக்கம் தணிவதுதான் முக்கியக் காரணம் என்பதிலும் பெரிய சண்டை இல்லை. அது மட்டும்தானா என்பதில்தான் கருத்து வேறுபாடு. எத்திலீன் ஆக்சைடு சங்கிலியில் உள்ள ஆக்சிஜன்கள் சோடியம் அயனியை லேசாகப் பிடித்துக்கொள்வதால் அந்தத் தலைக்குச் சிறிதளவு நேர்மின் தன்மை வருகிறது, அதனால் சல்பேட்டோடு கூடுதல் ஒட்டுதல் உண்டாகிறது என்பது ஒரு விளக்கம். இதற்கு ஆதரவாகச் சொல்ல வலுவான ஒரு சங்கதி உண்டு: வால் எதுவும் இல்லாத பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரோடும் எஸ்.டி.எஸ். சேர்கிறது. 1967இல் ஜோன்ஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். நேர்மின் சர்பாக்டன்ட்கள் அதே பாலிமரை ஏறக்குறையக் கண்டுகொள்வதே இல்லை. அயனியற்ற சர்பாக்டன்ட்டோடு கலக்கும்போதும் நேர்மின் வகைகளுக்குப் பீட்டா பொதுவாகச் சிறியதாகவே வருகிறது. விலக்கம் தணிவது மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்கக் கூடாது. ஆகவே ஏதோ ஓர் கூடுதல் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். அது சோடியத்தாலா, தலைகளைச் சுற்றியுள்ள நீர் உறை மாறுவதாலா என்பதை நான் முடிவாகச் சொல்லமாட்டேன்.

பீட்டாவையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ஒழுங்குக் கரைசல் கொள்கை, கலக்கும்போது கூடுதல் என்ட்ரோபி எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. கலோரிமீட்டரில் வெப்பத்தை அளந்தவர்களின் முடிவுகள் இந்த அனுமானத்தோடு ஒத்துப்போகவில்லை. சோடியம் அயனிகள் விடுபடுவதே என்ட்ரோபி சம்பந்தப்பட்டதுதானே, எப்படி ஒத்துப்போகும்? கலவை விகிதம் மாறினால் பீட்டாவும் கொஞ்சம் மாறும். உப்பு சேர்த்தால் சுருங்கும். சி.எம்.சி.யை ஊகிக்க நல்ல கருவி. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள விசையின் அளவுகோலாக அதைப் படிக்கக் கூடாது.

நான் வேலை செய்த துறையில் இந்தக் கலவை எதற்கு உதவியது என்று சொன்னால் படம் இன்னும் தெளிவாகும். அயனியற்ற சர்பாக்டன்ட் கரைசலைச் சூடாக்கினால் ஒரு வெப்பநிலையில் பால்போல் கலங்கிவிடும். எத்திலீன் ஆக்சைடு சங்கிலியைச் சுற்றியுள்ள தண்ணீர் வெப்பத்தில் விலக, மைசெல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்துவிடுகின்றன. இதைத் தொழிலில் கிளவுட் பாயிண்ட் என்பார்கள். டிரைட்டன் எக்ஸ்-100க்கு அது ஏறத்தாழ 65 டிகிரி. பருத்தித் துணியிலுள்ள மெழுகையும் எண்ணெயையும் நீக்கும் ஸ்கவரிங் 95 டிகிரிக்கு மேல் காரக் கரைசலில் நடக்கிறது. அங்கே அயனியற்ற சர்பாக்டன்ட் மட்டும் இருந்தால் அது தனியாகப் பிரிந்து துணியின் மேல் படியும். பிறகு சாயம் திட்டுத் திட்டாக ஏறும். கொஞ்சம் எதிர்மின் சர்பாக்டன்ட் சேர்த்தால் கிளவுட் பாயிண்ட் மளமளவென்று ஏறுகிறது. ஒவ்வொரு மைசெல்லிலும் சில மின்னேற்றங்கள் வந்து உட்கார்ந்துவிடுவதால் மைசெல்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த வளௌலிகரும் மனோகரும் 1985இல் டிரைட்டன் எக்ஸ்-100 கரைசலில் இதை ஆராய்ந்து, மிகக் குறைந்த அளவு எஸ்.டி.எஸ். கூட இந்த வேலையைச் செய்வதையும், உப்பு சேர்த்தால் அந்தப் பலன் மறைவதையும் விளக்கினார்கள்.

அந்தக் கடைசிப் பகுதியைத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கவே கூடாது. தூய தண்ணீரில் அளந்த கிளவுட் பாயிண்ட்டை நம்பிக் கலவையை ஆலைக்கு அனுப்பினால், அங்கே தொட்டியில் இருக்கும் சோடா உப்பும் காஸ்டிக்கும் மின்னேற்றத்தை மறைத்து, சங்கிலியைச் சுற்றியுள்ள தண்ணீரையும் பிடுங்கிக்கொண்டு, கரைசலைக் கலங்க வைத்துவிடும். உண்மையில் பயன்படுத்தும் காரச் செறிவில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

கடின நீரிலும் இதே தர்க்கம் வேலை செய்கிறது. கால்சியமும் டோடெசில் சல்பேட்டும் சேர்ந்து வீழ்படிவாவது தனி மூலக்கூறுகளின் செறிவைப் பொறுத்தது, அதுவும் இருபடியில். அயனியற்ற சர்பாக்டன்ட் சேர்த்துத் தனி மூலக்கூறுகளைப் பாதியாக்கினால், கரைசல் நான்கு மடங்கு தனிக் கால்சியத்தைத் தாங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் துவைக்கும் வீடுகளுக்கான டிடர்ஜென்ட்களில் அயனியற்ற பொருளையும் கலப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். தோல் எரிச்சல் குறைவதற்கும் இதே விளக்கத்தைத்தான் நெடுங்காலம் சொன்னார்கள்: தனி மூலக்கூறு மட்டுமே தோலுக்குள் போகும் என்று. 2003இல் எம்.ஐ.டி. குழு ஒன்று, எஸ்.டி.எஸ். மைசெல்களும் தோலுக்குள் நுழைவதாகச் சான்றுகளோடு வாதிட்டது. கலவை மென்மையானது என்பது அனுபவத்தில் உண்மை; காரணம் முழுவதும் தனி மூலக்கூறில் இருக்கிறது என்பதை மட்டும் இனி அடித்துச் சொல்ல முடியாது.

நீங்கள் இதைச் சொந்தமாக அளந்து பார்க்க நினைத்தால் சில எச்சரிக்கைகள். கடையில் வாங்கும் எஸ்.டி.எஸ்.ஸில் கொஞ்சம் டோடெக்கனால் இருக்கும். பரப்பு இழுவிசை வரைபடத்தில் சி.எம்.சி. அருகே ஒரு பள்ளம் தெரிந்தால் அது கலவையின் குணமல்ல, அந்த மாசு. டிரைட்டனும் ஒரே மூலக்கூறு அல்ல. பல நீளச் சங்கிலிகளின் கலவை. ஆகவே சி.எம்.சி. ஒரு கூரிய புள்ளியாக அமையாமல் சற்றுப் பரவித்தான் தெரியும். மின்கடத்துத்திறனை வைத்து அளப்பது எஸ்.டி.எஸ். மிகுந்த கலவைகளுக்கு நன்றாக இருக்கும். டிரைட்டன் மிகுந்த கலவைகளில் சோடியம் மைசெல்லோடு ஒட்டுவதே குறைவு என்பதால் வரைபடத்தில் திருப்பம் மங்கிவிடும். அங்கே பரப்பு இழுவிசையோ பைரீன் என்ற ஒளிரும் பொருளின் ஒளிர்வோதான் கைகொடுக்கும். கழுவிய திரவத்தில் புரதம் இருக்கிறதா என்று 280 நானோமீட்டரில் பார்க்காதீர்கள். டிரைட்டனின் பென்சீன் வளையம் அதே பகுதியில் ஒளியை உறிஞ்சும்.

கழுவுவதைப் பொறுத்தவரை, ஒரே கரைசலில் நெடுநேரம் ஊறவைப்பதைவிட அதே நேரத்துக்குள் புதுக் கரைசலை இரண்டு மூன்று முறை மாற்றுவது நல்லது. ஒவ்வொரு முறையும் எஸ்.டி.எஸ். இல்லாத மைசெல்கள் ஜெல்லைச் சூழ்கின்றன. அதன்பின் டிரைட்டனையும் ஓரளவு அலசிவிட்டு, நொதிக்கு வேண்டிய கால்சியம் உள்ள பஃபருக்கு மாற்றுங்கள். எஸ்.டி.எஸ். மிச்சமிருந்தால் அது முதலில் கால்சியத்தோடுதான் மோதும். புரதத்தின் டைசல்பைடு பிணைப்புகளை ஏற்கெனவே உடைத்திருந்தாலோ மாதிரியைக் கொதிக்க வைத்திருந்தாலோ, எஸ்.டி.எஸ். முழுவதும் போனாலும் நொதி திரும்ப மடியாமல் போகலாம். அதை டிரைட்டனின் அளவைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது.